பாக்கி

சுற்றுலா வந்தவன் நான். விசாவில் அப்படித்தான் இருக்கிறது.
கோட்டையைப் பார்க்கவில்லை, நயினாதீவுக்குப் படகேறவில்லை.
நாற்பத்திரண்டு சேலை, பதினொரு நைட்டி,
வாடகை மோட்டார் சைக்கிள், தவணை அட்டை ஒரு கட்டு.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் அறை.
பரமக்குடிக்காரர் ஆறு பேர், மின்விசிறி ஒன்று.
அது யார் பக்கம் தலை திருப்புகிறதோ
அவன் அந்த நொடிக்குத் தூங்கிக்கொள்வான்.

முதலில் றொசாந்தி. குருநகர், போன் கடை.
ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ரீலோட் போடப் போனேன்.
நாலாம் நாள் கேட்டாள்:
"அண்ணை, ஒரேயடியா ஐநூறு போட்டால்
காய்ச்சல் வருமோ உங்களுக்கு?"
அன்றே ஐநூறு போட்டேன்.
அண்ணை என்ற பிறகு சில்லறைக்கு என்ன வேலை.

நெல்லியடியில் ஒரு நர்சு. பேர் தெரியாது.
மூன்று சேலை விரித்துப் பார்த்தாள், ஒன்றும் எடுக்கவில்லை.
மடித்துத் தந்தாள், கடைக்காரன் மடிப்பதைவிடத் திருத்தமாக.
அதில் ஒன்றை மடிப்புக் கலையாமல்
மூட்டைக்கு அடியில் ஒரு வாரம் வைத்திருந்தேன்.
பிறகு வரணியில் ஒரு டீச்சர் கேட்டாள், கொடுத்துவிட்டேன்.
வியாபாரம்.

மீசாலையில் நாய் துரத்தி
தகர வேலியோடு சரிந்தபோது படலை திறந்தது.
நாக்கு வறண்டு வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது:
"பாணி."
எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். பாணி என்றால் தண்ணீர்.
வாகீசினி உள்ளே போய்க் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்
பனம் பாணி, கறுப்பாய், கரண்டி நிற்கும் கெட்டியில்.
"விழுந்தெழும்பின கையோட பாணி கேக்கிற ஆளை
இப்பத்தான் பாக்கிறன்."
முழுக்கக் குடித்தேன். தாகம் இரண்டு மடங்கானது.

மயில்கழுத்துச் சேலை. ஆறாயிரத்து அறுநூறு.
வாரம் முந்நூறு என்றால் இருபத்திரண்டு வாரம்.
விசாவோ முப்பது நாள்.
போய்ப் போய் வந்தேன்.
முந்நூறு ரூபாயை வசூலிக்க விமானம் ஏறியவன்
எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.
டிக்கெட் விலையை அப்பாவிடம் சொல்லவில்லை.

"இந்தக் கிழமை இல்லை, வாற கிழமை வாங்கோ" என்பாள்.
வாங்கோ.
விற்கிறவன் நான், வாங்கச் சொல்கிறவள் அவள்.
அந்தச் சொல்லை ஹெல்மெட்டுக்குள் போட்டு மூடி
யாழ்ப்பாணம் வரைக்கும் ஓட்டுவேன்.

கொடிகாமத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேரை
இமிகிரேசன் ஜீப் ஏற்றிய அன்று
என் மூட்டையைக் கோழிக்கூட்டுக்குள் தள்ளியவள் அவள்.
ஏழு சேலை நாறிப்போனது. அரை விலை.
அவளுடைய அப்பா, பஸ் ஓட்டுகிறவர், சிரித்துக்கொண்டே,
"தம்பி, இஞ்சயே நிண்டிடலாமே" என்றார்.
நானும் சிரித்தேன்.
அவர் பாதிக்குத்தான் சிரித்தார் என்று
அறைக்கு வந்து படுத்த பிறகே உறைத்தது.

பதினைந்தாம் வாரம் படலையிலேயே நின்றாள்,
கையில் நோட்டு.
"மிச்சம் ரெண்டாயிரத்து நானூறுதானே. முடிச்சுவிடுவம்."
ஏன் என்று கேட்கவில்லை.
தொழிலில் அப்படிக் கேட்பதில்லை,
மொத்தமாய்த் தருகிறவரிடம்.
அவளாகவே போனை நீட்டினாள்.
ஸ்டூடியோவின் நீலத் திரை, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி,
நடுவில் என் மயில்கழுத்து.
"போட்டோ பாத்து ஓமெண்டிட்டினம். சுவிஸ்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
"பார்டர் நல்லா விழுந்திருக்கு" என்றேன்.

அட்டையில் 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபின்தான்
எண்ணினேன். ஐந்து ஐநூறு.
நூறு திருப்ப வேண்டும்.
சட்டைப்பையில் மூன்று இருபது ரூபாய்கள் இருந்தன,
பெட்ரோல் மீதி.
"சில்லறை இல்லை. வாற கிழமை தாறன்"
என்று அவள் பாஷையிலேயே சொன்னேன்.
வியாழக்கிழமை விசா முடிகிறது. அது அவளுக்கும் தெரியும்.
"ஓம்" என்றாள்.

படலை சாத்தும் சத்தம் கேட்கவில்லை.
நாய் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கூட வந்தது,
குரைக்காமல்.